நான் ஊற்றிக் கொடுத்த டம்ளர்

ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வேண்டாம் என்று மூன்று முறை சொன்ன ஒரு வேன் டிரைவரின் கையில் நான் பிராந்தி டம்ளரைத் திணித்தேன். அவன் குடித்தான். கொஞ்ச நேரத்தில் அந்த வேன், ரோட்டோரமாக நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணை இடித்தது. அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். டிரைவர் சிறைக்குப் போனான். நான் என் வீட்டுக்குப் போனேன்.

இந்தச் சில வரிகளை எழுத எனக்கு ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது. இப்போது காலை ஆறரை மணி. நேற்று நடந்ததை நினைத்து நினைத்து நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கிறேன், மறுபடி உட்காருகிறேன். என் மனைவி இரண்டு முறை எட்டிப் பார்த்து, சர்க்கரை மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுப் போனாள். போடவில்லை. முதலில் இதை எழுதிவிட வேண்டும்.

நான் முப்பத்திரண்டு வருடம் வேதியியல் ஆசிரியராக இருந்தவன். சாராயம் ரத்தத்தில் கலந்தால் மூளைக்கு என்ன ஆகும், கண் பார்த்ததற்கும் கால் பிரேக்கை மிதிப்பதற்கும் நடுவில் எவ்வளவு தாமதம் விழும் என்று கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவன். அதனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை. அந்த டிரைவரும் அந்தப் பாடத்தை என்னிடம்தான் படித்தான். பிளஸ் டூவில் மூன்றாவது பெஞ்ச், ஜன்னலோரம்.

அன்று என் பேரனுக்குக் காது குத்து. பாப்பாரப்பட்டி போகும் ரோட்டில், எங்கள் ஊர் எல்லையில், ஒரு மாந்தோப்புக்குள் முனியப்பன் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு ஆள் உயரம், உருட்டி விழிக்கும் கண், பக்கத்தில் ஒரு மண் குதிரை. எங்கள் பக்கம் காது குத்தென்றால் அவருக்குக் கெடா வெட்டுவோம். கெடாவோடு சுருட்டும் ஒரு பாட்டிலும் படைப்போம். பூசாரி பாட்டிலைத் திறந்து சாமி முன்னால் ஒரு டம்ளர் ஊற்றி வைத்துவிட்டு மீதியைத் திருப்பித் தருவார். அது படையல். வந்திருக்கும் ஆண்களுக்கெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்போம். தீர்ந்தால் சாக்குப்பைக்குள் வேறு பாட்டில்கள் இருக்கும், அவற்றுக்கும் படையல் என்றே பெயர். சாமிக்கு வைத்ததை வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை. குடிக்காதவர்கள் விரலை நனைத்து நாக்கில் தொட்டுக்கொள்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. சம்பந்தி வீட்டாரை ஏற்றி வந்த வண்டிக்காரரை விருந்து நடத்துபவரே நேரில் போய் உபசரிக்க வேண்டும். எங்க டிரைவரை ஒருத்தரும் கண்டுக்கல என்று சம்பந்தி ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பினால் அது ஆயுசுக்கும் அடங்காது. ஆகவே நான் போனேன். கையில் படையல் பாட்டில், எனக்குள் ஏற்கனவே மூன்று டம்ளர்.

அவன் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டான்.

"வேண்டாங்க சார். வண்டி இருக்குது" என்றான்.

சாமி படையல்டா என்றேன். நாக்கில் தொட்டுக்கொள்வதாகச் சொன்னான். நான் விடவில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் குடிக்கிறேன், பாட்டிலில் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள் என்றுகூடக் கேட்டான். சுற்றிலும் சம்பந்தி வீட்டு ஆண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் அவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்: "முப்பது வருஷமா எம்பேச்ச ஒரு பய தட்டுனதில்ல. நீ தட்டறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. வகுப்பில் எழுப்பிவிட்ட மாதிரி நேராக நின்றான். டம்ளரை வாங்கி, வாத்தியார் முகத்துக்கு நேரே குடிக்கக் கூடாதென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு குடித்தான். அந்த முதுகை நான் இன்றும் பார்க்கிறேன். இரண்டாவதையும் நானே ஊற்றினேன். அதற்கும் திரும்பிக்கொண்டான்.

வேன் கிளம்பி ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்காது, ஒருவர் மொபெட்டில் கத்திக்கொண்டே வந்தார். நான் என் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். ஆமாம், மூன்று டம்ளரோடுதான். நானும் யாரையாவது இடித்திருக்கலாம். அன்று என்னை யாரும் ஊதச் சொல்லவில்லை.

அடிபட்ட அந்த அம்மா மாலைப் பாலை சொசைட்டிக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தவர். பக்கத்து ஊர். பால் கேன் சாக்கடைப் பள்ளத்தில் நிமிர்ந்து நின்றது, மூடிகூடத் திறக்கவில்லை. அவர் தன் காலைப் பார்க்காமல் கேனையே பார்த்துக்கொண்டு, வீட்டில் கன்றுக்குட்டிக்குத் தண்ணி காட்ட ஆளில்லை, யாராவது போய்ச் சொல்லுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். டிரைவர் தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்திருந்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் வேறு பக்கம் திரும்பி, ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்றா என்று சத்தமாகக் கேட்டேன். என் குரல் கேட்பதற்குப் பொறுப்பானவன் குரல் மாதிரி இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் எங்கே குடித்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். கடையில் வாங்கித் தனியாகக் குடித்தேன் என்று சொல்லியிருக்கிறான். விருந்தைச் சொல்லவில்லை, முனியப்பனைச் சொல்லவில்லை, என்னைச் சொல்லவில்லை. சம்பந்தி இதை என்னிடம் போனில் சொன்னபோது எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அவன் உள்ளே போனான். லைசென்ஸ் போயிற்று. மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். டீக்கடையில் பேச்சு வரும்போதெல்லாம், குடித்துவிட்டு ஓட்டினால் இதுதான் கதி என்று நானும் தலையாட்டினேன்.

இந்த வருடம் ஜூன் மாதம் ஒரு பள்ளியில் சாலைப் பாதுகாப்புக்காக ஒரு விழா வைத்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நன்றாகப் பேசினேன். நன்றாகப் பேசத் தெரிந்ததுதான் என் வினை. குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொடுகிறவன் மனிதனே இல்லை என்றேன். என்னிடம் படித்த ஒருவனே இப்படிச் செய்து ஜெயிலுக்குப் போனான், வெட்கமாக இருக்கிறது என்றேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அப்புறம் விபத்தில் பாதிக்கப்பட்ட ஒருவரைக் கௌரவிப்பதாக அறிவித்தார்கள். செயற்கைக் காலோடு, ஒரு கைத்தடியை ஊன்றிக்கொண்டு, மேடைப் படி ஏறி வந்தவர் அந்த அம்மா. பொன்னாடையை என் கையில் கொடுத்தார்கள். நான் போர்த்தினேன். அவர் கைகூப்பி, "நல்லாப் பேசுனீங்க சார்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்: "அந்த டம்ளரப் பத்தியும் பேசுனீங்களா?"

அவள் காது குத்து அன்று அடுப்புப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஒன்பது வருடம் அவளும் சுமந்திருக்கிறாள்.

மறுநாளே கிளம்பினேன். அந்த அம்மா வீட்டில் செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து மாட்டுக்குத் தீவனம் பிசைந்துகொண்டிருந்தார். பொன்னாடை கொடியில் காய்ந்தது. உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்து, படையல், மூன்று முறை வேண்டாம் என்றது, எல்லோரும் சிரித்தது, இரண்டாவது டம்ளர், மேடைப் பேச்சு, எதையும் விடாமல் சொன்னேன். நடுவில் ஒரு கோழி தீவனத்தில் வாய் வைத்தது. அதை விரட்டினார். மறுபடி பிசைந்தார்.

"அவன் போலீஸ்ல உங்களப் பத்தி மூச்சு விடலியே" என்றார் கடைசியில்.

விடவில்லை என்றேன்.

"இங்க வந்து சொல்லப் போறன்னு அவங்கிட்டச் சொன்னீங்களா?"

இல்லை என்றேன்.

"மொதல்ல அங்க போங்க. எனக்குக் காலுதான் போச்சு. அவனுக்குப் பொண்டாட்டி புள்ள போச்சு."

என்னால் ஆனது எதுவானாலும் செய்கிறேன் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் அளந்து பார்த்தார். பிறகு முற்றத்து மூலையில் கட்டியிருந்த ஒரு கெடாவைக் காட்டினார். அப்படியொரு கெடாவை நான் பார்த்ததில்லை. கன்றுக்குட்டி அளவுக்கு இருந்தது.

கதை இதுதான். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருடைய மகள், அம்மா பிழைத்தால் என் முதல் குழந்தைக்கு முனியப்பன் கோயிலில்தான் காது குத்துவேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். பிறகு அந்தப் பெண் நர்சிங் படித்த இடத்தில் சித்தேரி மலைக்காரப் பையன் ஒருவனை விரும்பிக் கட்டிக்கொண்டு மலைக்கே போய்விட்டாள். குழந்தைக்கு மூன்று வயதாகிறது. இன்னும் காது குத்தவில்லை. குத்தினால் மலையிலிருந்து சம்பந்தி வீட்டார் வேன் வைத்துக்கொண்டு வருவார்கள். படையல் வைக்காமல் முடியாது. அந்த அம்மாவின் அண்ணன் வண்டிக்காரரை உபசரிக்காமல் விடமாட்டார். அந்த வேன் திரும்பவும் மலை ஏற வேண்டும்.

"எனக்குக் கெடாவுக்குப் பயமில்ல, சாமிக்குப் பயமில்ல. வேனுக்குத்தான் பயம். எம்பேத்தி அதுலதான் மல ஏறணும்" என்றார். "ரெண்டு வருஷமா நாள் தள்ளறன். இது தின்னுட்டு தின்னுட்டு ஆளப் பாத்தா முட்டுது."

பிறகு சொன்னார். காது குத்து அன்றைக்கு நான் வர வேண்டும். வருகிற எந்த வண்டிக்காரர் நாக்கிலும் ஒரு சொட்டுப் படக் கூடாது. அந்தப் பழைய டிரைவரையும் கூட்டி வர வேண்டும்.

"உங்க பேச்ச ஒரு பய தட்ட மாட்டானாமே. அது வேலைக்கு ஆவுதான்னு பாக்கலாம் வாத்தியாரே."

அவன் ஒரு மாங்கூழ் ஆலையில் மூட்டை, பெட்டி ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தான். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்வரை கேட்டில் நின்றேன். சட்டையெல்லாம் மாம்பழச் சாறு காய்ந்து, ஈ மொய்க்க வந்தான். என்னைக் கண்டதும் சட்டைப் பட்டனைப் போட்டான். ரோட்டோரத்தில் நின்றே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் கையைப் பிசைந்துகொண்டு கேட்டுவிட்டு, "நீங்க ஊத்துனீங்க சார். முழுங்குனது நான்தான" என்றான்.

என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"என்னான்னு சார் சொல்றது? எங்க வாத்தியாரு ஊத்திக் குடுத்தாருன்னா? நம்பவே மாட்டாங்க" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். அந்த அம்மா கூப்பிட்டதைச் சொன்னேன். என்னையுமா, என்னையுமா என்று இரண்டு தடவை கேட்டான். அப்புறம் எந்தச் சட்டை போட்டுக்கொண்டு வருவது என்று கேட்டான்.

நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு வக்கீலிடம் கொண்டுபோனேன். முடிந்துபோன வழக்கு, வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் சார் என்றார். அதில் ஒரு பிரதியை அவனிடமும் ஒன்றை அந்த அம்மாவிடமும் கொடுத்துவிட்டேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டட்டும்.

நாள் குறித்தார்கள். ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. நேற்று.

விடிந்ததும் நாங்கள் இருவரும் தோப்பு வாசலில் நின்றுவிட்டோம். அவன் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். கையில் ஒரு நைலான் கயிறு. திட்டம் எங்கள் இருவருடையதும்தான். வேன், மினி லாரி, ஷேர் ஆட்டோ, பைக் எதுவானாலும் தோப்புக்குள் நுழையும்போதே சாவியை வாங்கிக் கயிற்றில் கோத்துக்கொள்வது. குடிக்காதவர்களுக்குப் போகும்போது சாவி. குடித்தவர்களுக்கு மறுநாள் காலை என் வீட்டில் சாவி. அவர்களைக் கொண்டுபோய் விட ஷேர் ஆட்டோக்காரர் ஒருவரைப் பேசி வைத்திருந்தேன், அவர் எதையும் தொடாதவர். அடுத்தது, முதல் பந்தி வண்டிக்காரர்களுக்கு. சம்பந்திக்கும் முன்னால். முதலில் வெந்து இறங்கும் ஈரல் வறுவல் அவர்கள் இலையில்தான் விழ வேண்டும். உபசரிப்பில் குறை என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.

கிண்டலுக்குக் குறைவில்லை. சாவிக் கயிறு அவன் கழுத்தில் தொங்கியதைப் பார்த்து, மாலை மாத்தப் பொண்ணு எங்கப்பா என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் தன் பைக் சாவியைக் கொடுக்காமல் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, வாத்தியாரே, மடியில கை வெச்சுத் தேடிக்கங்க என்றார். தேடினேன். எழுபது வயதில் ஒரு மனிதனின் மடியில் கைவிட்டுச் சாவியைப் பிடுங்கினேன். தோப்பே சிரித்தது. எனக்குள் ஏதோ ஓட ஆரம்பித்தது, நாற்பது வருடத்துக்கு முன் முதல் முறையாக வகுப்புக்குள் நுழைந்த நாள் மாதிரி.

பத்து மணிக்கு மலையிலிருந்து வேன் வந்தது. சாமை மூட்டையும் தேனுமாக இருபத்திரண்டு பேர் இறங்கினார்கள். டிரைவர் ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, காது குத்தும்போது தோப்பு அதிர வீரிட்டது. கெடா விழுந்தது. களியும் கறிக்குழம்பும் வெந்தன. மலைக்கார டிரைவர் முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து, நான்கு பேர் மாறி மாறிப் பரிமாற, கூச்சத்தில் நெளிந்தார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு மணிக்கு அந்த அம்மாவின் அண்ணன் கையில் படையல் பாட்டிலோடு வேன் பக்கம் போவதைப் பார்த்தேன். என் கால் தானாக ஓடியது.

நான் போய்ச் சேர்வதற்குள் டம்ளர் ஊற்றியாகிவிட்டது. தங்கச்சி வூட்டு மரியாதை, சாமி படையல், எங்க ஊருக்கு மொத மொத வந்திருக்கறீங்க என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையது. மலைக்காரர் இரண்டு முறை வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அவர் கை கொஞ்சம் மேலே எழுந்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும்.

பழைய டிரைவர் குறுக்கே போய், வேண்டாங்கண்ணா என்றான்.

"நீயா சொல்ற?" என்றார் அண்ணன். "நீ எவ்ளோ யோக்கியன்னு எந்தங்கச்சி காலப் பாத்தாத் தெரியும்."

அவன் தலை தொங்கிவிட்டது. கழுத்திலிருந்த சாவிகள் சலசலத்தன.

இதற்காகத்தான் வந்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சாவி வாங்குவதற்கு இல்லை. ஆயிரம் பிள்ளைகள் நிற்கிற காலைக் கூட்டத்தில் மைக் இல்லாமல் பேசிய அதே குரலில் பேசினேன்.

"இதே எடத்துல, இதே படையல இவன் கையில குடுத்தது நான்தாங்க. மூணு தரம் வேண்டாம்னான். வாத்தியாருன்னு பயந்துட்டுக் குடிச்சான். ஜெயிலுக்குப் போயும் என்னக் காட்டிக் குடுக்கல. உங்க தங்கச்சி கால எடுத்தது இவன் மட்டுமில்ல."

கரண்டிச் சத்தம் நின்றது. எனக்குத் தெரிந்தவர்கள், என்னிடம் படித்தவர்கள், என்னைப் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்குகிறவர்கள், எல்லோரும் அங்கே இருந்தார்கள். அண்ணன் என் முகத்துக்கு வெகு அருகில் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

"உங்கையாலயா அவ பொன்னாட போட்டுக்கிட்டா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

அவர் கையில் டம்ளர் அப்படியே இருந்தது. சாமி படையலைத் தரையில் கொட்ட முடியாது. டிரைவருக்குக் கொடுக்கவும் இனி முடியாது. தானே குடிக்கவும் மனமில்லை. அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அப்போது டக், டக் என்று கைத்தடிச் சத்தம். அந்த அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"இங்க குடு அண்ணா."

வாங்கினார். ஒரு கையில் தடி, ஒரு கையில் டம்ளர், ஒரு சொட்டும் சிந்தாமல் முனியப்பனிடம் நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். சாமியின் காலடியில் அதை மெதுவாக ஊற்றினார். நிமிர்ந்து அந்த உருட்டு விழிகளைப் பார்த்துச் சொன்னார்:

"வண்டிக்காரன் பங்கையும் நீயே குடி. உங்குதிர களிமண்ணு. எங்கயும் போயி மோதாது."

பூசாரிதான் முதலில் சிரித்தார். பிறகு தோப்பு முழுக்கச் சிரித்தது. சாமி ஏத்துக்கிச்சு, வண்டிக்காரர் பங்கு இனிமே சாமிக்கு என்று பூசாரி சத்தமாகச் சொன்னார். மலைக்கார டிரைவர் நெஞ்சில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டதை நான் பார்த்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. பாட்டிலைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு, காலையில் கொடுத்த பைக் சாவியைக் கேட்காமலே, ரோட்டில் இறங்கி வீட்டுக்கு நடந்து போய்விட்டார்.

இரண்டே முக்காலுக்கு வேன் கிளம்பியது. பழைய டிரைவர் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி இரண்டு கையாலும் கொடுத்தான். சிவந்து வீங்கிய காதுகளோடு குழந்தை ஜன்னலோரம் வெல்லக்கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு தொடங்கியது அந்தக் காத்திருப்பு. தர்மபுரி தாண்டியிருப்பார்கள். அரூர் வந்திருக்கும். இப்போது மலையடிவாரம். இப்போது முதல் வளைவு. டிரைவர் குடிக்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதிரே வருகிறவன் எந்த விருந்திலிருந்து வருகிறான் என்று யாருக்குத் தெரியும்? அந்த அம்மா மாமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். பழைய டிரைவர் அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அவர் பக்கமே அவன் போகவில்லை.

"நீ சாப்ட்டியா?" என்று அவர் திடீரென்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று அவன் திரும்பிப் பார்த்தான்.

"இல்லீங்க."

அவர் யாரையோ கூப்பிட்டு இலை போடச் சொன்னார். ஒரு கிண்ணத்தில் மூடி வைத்திருந்த ஈரல் வறுவலை எடுத்து வைக்கச் சொன்னார். அவன் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டான். இந்த முறை அவன் திரும்பிக்கொள்ளவில்லை. அவரும் பார்வையை எடுக்கவில்லை.

ஐந்தே முக்காலுக்குப் போன் அடித்தது. அவர் அவசரத்தில் பச்சைப் பொத்தானுக்குப் பதில் சிவப்பை அழுத்திவிட்டார். திரும்பவும் அடித்தது. காதில் வைத்தார். கேட்டார். போனை என் பக்கம் நீட்டினார்.

"வூடு வந்து சேந்துட்டோம்மா" என்றது மகளின் குரல். "பாப்பா தூங்கிடுச்சு."

இன்னொரு தரம் சொல்லும்மா என்றேன். யார் பேசுவது என்று கேட்டது குரல். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாமரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த அம்மா என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தடியை ஊன்றி எழுந்து, மாடு கறக்க நேரமாகிவிட்டது என்றார். நாலு அடி போனவர் நின்று, அடுத்த வாரம் எங்க தெருவுல ஒரு கெடா இருக்குது வாத்தியாரே, அந்தக் கயித்தத் தொலைச்சிடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

கயிறு இப்போது என் மேசை மேல் கிடக்கிறது. அதில் ஐந்து சாவிகள் இருந்தன. எழுதிக்கொண்டிருக்கும்போதே தலையைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர் வந்து வாங்கிப் போய்விட்டார்கள். சற்று முன் ஐந்தாவது ஆள் வந்தார். அந்த அம்மாவின் அண்ணன்.

வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்றதற்கு வரவில்லை. "சாவி" என்றார், அவ்வளவுதான். கொடுத்தேன். என் மனைவி டீ கொண்டு வந்து நீட்டினாள். வாங்கலாமா என்று யோசித்தார். வாங்கினார். என் முகத்தைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு, நின்ற வாக்கில் பாதி குடித்தார். மீதியை டம்ளரோடு மதில் மேல் வைத்துவிட்டு பைக் நிற்கும் தோப்பை நோக்கி நடந்தார்.